ரூம்மேட் செய்த தப்பை என் மகன் மேலதிகாரியிடம் சொல்லணுமா?

தக்கலை அப்பா:
வணக்கம். மகன் ஒரு ராணுவ அகாடமியில் கேடட்டாக இருக்கிறான், எது என்று சொல்ல விரும்பவில்லை. போன வாரம் ராத்திரி நேவிகேஷன் பயிற்சி நடந்திருக்கிறது. மேப்பும் காம்பஸும் கொடுத்துவிடுவார்களாம், காட்டுக்குள் சொன்ன இடங்களைத் தேடிப் போய் அங்கே எழுதி வைத்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வரணும். இவன் ரூமில் இருக்கும் பையன் கடைசி இடத்துக்குப் போகவே இல்லை, வேறொருத்தனிடம் எண்ணைக் கேட்டு எழுதிக் கொடுத்து பாஸாகிவிட்டான். சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்று கோர்ஸ் முழுக்கப் பேர் வரும், சொல்லாமல் இருந்தால் மனசு உறுத்துகிறது என்கிறான். அந்தப் பையனும் மோசமானவன் இல்லை, இவன் காய்ச்சலில் கிடந்தபோது மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வந்து கொடுத்தவன். வீட்டில் அவன் அம்மா, நமக்கு எதுக்கு வம்பு, உன் படிப்பைப் பாரு என்கிறாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குலசேகரம் சுபேதார் (ஓய்வு):
தம்பி, நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். அகாடமியில் படித்தவன் இல்லை, அங்கே படித்து வந்தவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவன். ரோந்து போகிற பார்ட்டி மலை மேலே சொன்ன இடம் வரை போய்ப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று வயர்லெஸ்ஸில் சொல்லும். அதை நம்பித்தான் அடுத்த பார்ட்டி அந்த வழியாகப் போகும். குளிர் தாங்காமல் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, போய்ப் பார்த்தாச்சு என்று ஒருத்தன் சொன்னால் அதற்கு உயிரைக் கொடுக்கப்போவது வேறு யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. அந்தப் பையன் எழுதிக் கொடுத்த எண்ணும் அதே பொய்தான், இடம் மட்டும்தான் வேறு. டேராடூன் ராணுவ அகாடமியில் 1932ல் அப்போதைய தலைமைத் தளபதி செட்வோட் பேசியதை எல்லாக் கேடட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில், உன் கீழே இருக்கும் வீரர்கள் அடுத்தது, உன் சௌகரியம் கடைசி. கஞ்சி வாங்கிக் கொடுத்தது பெரிய மனசுதான், அதற்காக இதை விட முடியாது.

அருமனை:
அண்ணாச்சி சொல்வது புரிகிறது. ஆனாலும் கோர்ஸ்மேட்டை மேலே போட்டுக் கொடுத்தவன் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அப்புறம் அவனை யார் நம்பிக் கூட நிற்பார்கள்? நானும் எஸ்எஸ்பிக்கு, அதாவது ராணுவ அதிகாரி வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிறேன், அங்கே குழுவோடு ஒத்துப்போகிறவனா என்றும்தானே பார்க்கிறார்கள்.

நாகர்கோவில் டீச்சர்:
வாயை மூடிக்கொண்டிருப்பது, புகார் கொடுப்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி விதிப்படி கேடட் பொய் சொல்லவோ ஏமாற்றவோ திருடவோ கூடாது, அப்படிச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. அவ்வளவு கண்டிப்பு இருந்தும் 1976ல், ரூமுக்கு எடுத்துப்போய் எழுதச் சொன்ன ஒரு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் தேர்வில் கூடிப் பேசி எழுதியதாக 150 பேருக்கு மேல் வெளியேற வேண்டிவந்தது. விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையில் அதை ஆராய்ந்த குழு, அகாடமிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றது. பலரைத் திரும்பச் சேர்த்தார்கள், தப்பு செய்தால் டிஸ்மிஸ் மட்டும்தான் என்ற முறையையும் மாற்றினார்கள். அவர்களுடைய கடற்படை அகாடமி அனாபொலிஸில் இருக்கிறது, அங்கே தப்பைப் பார்த்தவர் முதலில் அந்த ஆளிடமே நேரில் பேசலாம், புகார் கொடுத்தே ஆகணும் என்று இல்லை. என் வகுப்பில் பிட் அடித்து மாட்டியவனையும், தானே வந்து டீச்சர் நான் பார்த்து எழுதினேன் என்று சொன்னவனையும் நான் ஒன்றாக நடத்தியதே கிடையாது. அதனால் உங்கள் மகன் முதலில் ரூம்மேட்டிடம் உட்கார்ந்து பேசட்டும், நீயே போய்ச் சொல்லு, வேணும்னா நானும் கூட வரேன் என்று. அருமனை தம்பி, அப்படிக் கூடவே போகிறவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

தக்கலை அப்பா:
நன்றி டீச்சர், நன்றி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், சொல்கிறேன். ஒன்று மட்டும், அந்தப் பையன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

குலசேகரம் சுபேதார் (ஓய்வு):
ஒரு நாள் டைம் கொடுக்கச் சொல்லு தம்பி. அப்புறமும் போகவில்லை என்றால் நான் போகிறேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவர்கள் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி, பிளட்டூன் கமாண்டரிடம் போகட்டும். பேர் போடாத மொட்டைக் கடிதாசி மட்டும் வேண்டவே வேண்டாம்.