மூளை ஆய்வுக்குக் கறுப்பினப் பெரியவர்கள் வரமாட்டார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டெட்ராய்ட்காரன்:
அமெரிக்காவில் அல்சைமர் போன்ற மறதி நோய்கள் வெள்ளைக்காரப் பெரியவர்களைவிடக் கறுப்பினப் பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அதிகம். ஆனால் அல்சைமருக்கான அடுகனுமாப் மருந்தின் பெரிய சோதனைகளில் அவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. ஏன் என்று கேட்டால் "பயம், வரமாட்டார்கள்" என்று எங்கள் துறையில் ரெடியாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஆய்வுகளுக்கு ஆள் சேர்ப்பதுதான் என் வேலை, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சர்ச்சின் சாப்பாட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். இறந்த பிறகு மூளையைத் தானமாகத் தரலாம் என்ற இடம் வந்ததும், எண்பதை நெருங்கிய ஒரு அம்மா தட்டில் இருந்த கோழியை நிதானமாக வெட்டிக்கொண்டே "அப்போ அடக்கச் செலவு உங்களுடையதா?" என்றார். கூடமே சிரித்தது. எங்களோடு வந்த இளம் டாக்டருக்கு மட்டும் விளங்கவில்லை, பாவம், பண விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் செய்யாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், அரசுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்ததே, அங்கே பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம் வாங்கக் காட்டிய ஆசை இந்த அடக்கச் செலவுதான்.

அவர் அதோடு விடவில்லை. ஸ்கேன் முடிவை என் கையில் தருவீர்களா, என் டாக்டருக்கும் அனுப்புவீர்களா என்று குடைந்து எடுத்துவிட்டு, கடைசியில் பெயரும் கொடுத்தார். நாங்கள்தான் எடுத்துக்கொள்ளவில்லை! அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது விதி. மகனுக்கோ கார் ஃபேக்டரியில் ஷிஃப்ட். அம்மாவுக்குச் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை, அதற்கும் இடமில்லை. ஆக யார் யாரை வேண்டாம் என்றது?

லேப் எலி:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முடி. மூளையின் மின் அலைகளைப் பதிகிற ஈஈஜி தொப்பியின் முனைகள் மண்டைத் தோலைத் தொட்டால்தான் சிக்னல் வரும். நான் முன்பு இருந்த ஒரு லேபில், தலை முழுக்கப் பொடிப் பொடியாகப் பின்னல் போட்டு வந்த ஒரு பெண்மணியிடம் அதை அவிழ்த்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். அந்தப் பின்னலுக்கு ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டும், காசும் கொஞ்சநஞ்சமில்லை. அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பின்னல்களுக்கு நடுவே பொருந்துகிற மாதிரி கிளிப் செய்திருக்கிறார்கள், மனசு வைத்தால் முடிகிறது.

போர்ட்லண்ட் மழை:
எங்கள் ஊரில் ரெய்னா கிராஃப் என்ற ஆய்வாளர் நடத்திய, நினைவாற்றலுக்கான ஷார்ப் ஆய்வு வேறு ரகம். கறுப்பினப் பெரியவர்கள் மூன்று மூன்று பேராக, தாங்கள் வாழ்ந்த பழைய பேட்டைகளில் நடப்பார்கள்; போகிற வழியில் டேப்லெட்டில் அந்தக் காலத்துப் படங்கள் வரும், பார்த்துப் பேசிக்கொண்டே போக வேண்டும். நான் அதில் வேலை பார்க்கவில்லை, ஆனால் அப்படிப்பட்ட பழைய பேட்டையான ஆல்பைனா பக்கம்தான் குடியிருக்கிறேன். ஆஸ்பத்திரி விரிவாக்கம் என்று 1970களில் அங்கே வீடு, கடை எல்லாவற்றையும் இடித்துவிட்டு, பணம் தீர்ந்ததும் வெறும் மனையாகவே விட்டுவிட்டார்கள். இடித்த ஒரு கட்டடத்தின் கூரைக் குவிமாடம் மட்டும் டாசன் பூங்கா மண்டபத்தின் மேலே இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, எந்த மூலையில் மருந்துக் கடை, எந்தக் கதவுக்குப் பின்னால் ராத்திரி பாட்டுக் கச்சேரி என்று கை நீட்டி நீட்டிச் சொன்னார், நான் எதுவும் கேட்காமலேயே. இவர்களையா பேசமாட்டார்கள் என்கிறோம்?

சிகாகோ நர்ஸ்:
டஸ்கீகி பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அதைவிட, போன மாதம் எமர்ஜென்சியில் வலி என்று சொன்னதை யாரும் நம்பாததைத்தான் அதிகம் சொல்கிறார்கள். இங்கே ரஷ் பல்கலைக்கழகம் 2004 முதல் கறுப்பினப் பெரியவர்களுக்கென்றே ஒரு ஆய்வு நடத்துகிறது. வருடா வருடம் வீட்டுக்கே போய்ப் பரிசோதிக்கிறார்கள், மூளை தானம் கட்டாயமில்லை. அந்த மாதிரி என்றால் நானே எடுத்துச் சொல்வேன். ரத்தம் எடுத்துக்கொண்டு காணாமல் போகிற ஆய்வுக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொன்னால், கேட்பது எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சரி, கொடுக்கமாட்டேன்.