பதின்மூன்றா, பதினைந்தா? – ‘குரோம்பேட்டை வீடு’ குடும்ப அரட்டைக் குழுவில் 2025இல் ஓடிய பேச்சு

வெள்ளிக்கிழமை

நித்யா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. உதவித்தொகை வந்துவிட்டது, மடிக்கணினி வாங்கப்போகிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர், 2025 மார்ச்சில் வந்த எம்4 சில்லு உள்ளது. இதுவரை முடிவாகிவிட்டது, தயவுசெய்து இதை மாற்றச் சொல்லாதீர்கள். 13 அங்குலமா, 15 அங்குலமா என்பதில்தான் குழப்பம்.

சேகர் மாமா: கணக்கு எழுதும் டாலி அதில் ஓடுமா?

நித்யா: மாமா, நான் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். பாரிமுனையில் கடைக் கணக்கு எழுதவில்லை.

சேகர் மாமா: நாளைக்கு நானும் ஒன்று வாங்கினால்? அதற்காகக் கேட்டேன்.

கார்த்திக்: டாலி விண்டோஸுக்கானது மாமா, மேக்கில் நேரடியாக ஓடாது. இன்னொன்று, 15 அங்குலத்தில்கூட எண் விசைகள் தனியாகக் கிடையாது. விசைப்பலகையின் இரண்டு பக்கமும் இடத்தைச் சும்மா விட்டிருக்கிறார்கள்.

சேகர் மாமா: அவ்வளவு இடம் இருந்தும் எண் இல்லையா? அப்படியானால் எனக்கு வேண்டாம். நீங்கள் பேசுங்கள்.

பெரியப்பா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரியதை வாங்கு. நாள் முழுவதும் பழைய ஆவணங்களைப் பார்க்கிற பெண். எனக்கு ஐம்பதில் வந்த கண்ணாடி உனக்குக் கல்லூரியிலேயே வந்துவிட்டது.

அம்மா: அத்தான் சொல்வது சரிதான். விலை எவ்வளவு வித்தியாசம்?

நித்யா: சிறியது 99,900. பெரியது 1,24,900. மாணவர் விலையில் இரண்டிலும் பத்தாயிரம் குறைப்பார்கள்.

அம்மா: இரண்டு அங்குலத்துக்கு இருபத்தைந்தாயிரமா? தங்க முலாம் பூசித் தருகிறானா?

கார்த்திக்: இரண்டு அங்குலம்கூட இல்லை சித்தி. ஒன்று 13.6, இன்னொன்று 15.3. அதுவும் மூலைக்கு மூலை அளந்த கணக்கு. உள்ளே கிட்டத்தட்ட அதே சில்லு, அதே 16 ஜிபி நினைவகம், அதே 256 ஜிபி சேமிப்பு. பெரியதில் ஆறு ஒலிபெருக்கி, சிறியதில் நான்கு. பேட்டரிக்கும் நிறுவனம் ஒரே கணக்குத்தான் சொல்கிறது: படம் பார்த்தால் 18 மணி, இணையத்தில் உலவினால் 15 மணி.

மாலதி சித்தி: பள்ளியில் எனக்குக் கொடுத்தது 15 அங்குலம். அதைச் சுமக்க முடியாமல் பள்ளி அலமாரியிலேயே பூட்டிவிட்டு வருகிறேன். அம்பத்தூர் வீட்டை அது பார்த்ததே இல்லை.

கார்த்திக்: அது வேறு ரகம் சித்தி. ஏரில் சிறியது 1.24 கிலோ, பெரியது 1.51 கிலோ. வித்தியாசம் 270 கிராம்.

அம்மா: கால் கிலோ வெண்டைக்காய்.

பெரியப்பா: கால் கிலோ வெண்டைக்காயைத் தூக்க முடியாத பிள்ளையா நம் பிள்ளை?

நித்யா: பெரியப்பா, வெண்டைக்காய் தட்டையாக இருக்காது. பையில் ஏற்கெனவே சாப்பாடு, தண்ணீர், குடை, நோட்டுகள். காலை மின்சார ரயிலில் குரோம்பேட்டையில் ஏறினால் உட்கார இடம் எங்கே கிடைக்கும்? பார்க் நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பார்க் டவுனுக்கு நடந்து, மறுபடி ரயில் பிடித்து சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகம். ஆவணக் காப்பகம் போகிற நாளில் எழும்பூரில் இறங்கிவிடுவேன். எனக்கு எடையைவிட அகலம்தான் கவலை. பை புடைத்தால் பக்கத்தில் நிற்கிறவர் முறைப்பார்.

சேகர் மாமா: [படம்: ரோஜாப்பூ, இனிய இரவு வணக்கம்]

பெரியப்பா: சேகர், பேச்சு நடக்கும்போது ரோஜாப்பூ வேண்டாம்.

சனிக்கிழமை

அம்மா: [புகைப்படம்]

அம்மா: கார்த்திக் அனுப்பிய அளவில் இரண்டு அட்டை வெட்டினேன். சிறியது 30.4க்கு 21.5 சென்டிமீட்டர். பெரியது 34க்கு 23.8. தையல் டேப்பில் அளந்தது, பிசகாது. நித்யாவின் தோள்பையில் சிறியது அப்படியே இறங்கிவிட்டது. பெரியதைச் செருகினால் மேல் மூலை இரண்டும் துணியை முட்டுகின்றன. ஜிப் நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறது. அட்டையாக இருப்பதால் வளைத்துத் திணித்துப் பார்த்தேன். கணினியை வளைக்க முடியுமா?

மாலதி சித்தி: அக்கா, அந்த அட்டை என் பட்டுப்புடவைப் பெட்டி போலத் தெரிகிறதே?

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: பையை மாற்றிக்கொள்ளலாம் கல்யாணி. கண்ணை மாற்ற முடியாது.

கார்த்திக்: அப்பா, திரை பெரிதானால் எழுத்தும் பெரிதாகும் என்று நினைக்கிறீர்கள். அப்படி ஆகாது. இரண்டு திரையிலும் அங்குலத்துக்கு 224 புள்ளிகள்தான். பெரியதில் கூடுதலாகக் கிடைப்பது இடம். கடையிலிருந்து கொண்டுவந்து எதையும் மாற்றாமல் திறந்தால், பெரியதில் எழுத்து ஒரு பொடி சிறியதாகவே தெரியும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். அதை 13 அங்குலத்திலும் செய்யலாம்.

பெரியப்பா: தொலைக்காட்சி அப்படி இல்லையே?

கார்த்திக்: தொலைக்காட்சி 32 ஆனாலும் 55 ஆனாலும் அதே படத்தை இழுத்து விரிக்கும். கணினி இழுக்காது, பக்கத்தில் இன்னும் கொஞ்சம் காட்டும்.

பெரியப்பா: சரி. சிறியதில் எழுத்தைப் பெரிதாக்கினால் இடம் இன்னும் சுருங்குமே? அப்போதும் பெரியதுதானே நல்லது?

கார்த்திக்: அது நியாயமான கேள்வி. வங்கியில் கடன் விண்ணப்பங்களை இப்படித்தான் மடக்கியிருப்பீர்கள்.

நித்யா: நானும் அங்கேதான் நிற்கிறேன். என் வேலை இப்படி: திரையின் இடது பாதியில் ஆவணத்தின் படம், வலது பாதியில் நான் தட்டச்சு செய்வது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக நகர்த்தி, மறுபடி இந்தப் பக்கம் வந்து தட்ட வேண்டும். படம் சுருங்கினால் வேலை இழுக்கும்.

கார்த்திக்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சிறியதில் திரையின் அகலம் 29 சென்டிமீட்டர், பாதி 14.5. பெரியதில் 32.7, பாதி 16.3. ஒரு ஏ4 தாளின் அகலம் 21. இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க 42 வேண்டும். இரண்டு கணினியுமே அதன் கிட்டே வரவில்லை. இருபத்தைந்தாயிரம் கொடுத்தால் பாதிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட முழுதாகக் கிடைக்காது.

அம்மா: ஏ4 தாளை அட்டை மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு தாளே பெரிய அட்டையில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. கார்த்திக் சொல்வது சரி.

மாலதி சித்தி: அப்படியானால் சிறியதை வாங்கிக்கொண்டு வீட்டில் ஒரு மானிட்டர் வைக்கலாமே?

கார்த்திக்: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். 24 அங்குல மானிட்டர் 53 சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட 30 உயரம். இரண்டு ஏ4 முழு அளவில் உட்காரும். எம்4இல் மூடியைத் திறந்தபடியே இரண்டு வெளித்திரை வரை இணைக்கலாம். இதற்கு முந்தைய எம்3இல் இரண்டாவதை இணைக்க மூடியை மூட வேண்டியிருந்தது.

அம்மா: மானிட்டரை எங்கே வைப்பது? இந்த வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதில் தையல் இயந்திரம் இருக்கிறது.

சேகர் மாமா: கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறதே, அதில் செருகினால் ஆகாதா?

நித்யா: தொலைக்காட்சிக் கம்பியைச் செருகும் எச்டிஎம்ஐ துளை ஏரில் கிடையாது மாமா, அடாப்டர் என்கிற மாற்றி ஒன்று வாங்க வேண்டும். சிக்கல் அதுவல்ல. மாலை ஆறரையிலிருந்து இரவு பத்து வரை அந்தப் பெட்டி பாட்டியின் ஆட்சியில் இருக்கிறது.

அம்மா: பாட்டியிடம் கேட்டுவிட்டேன். “நூறு வருடம் காத்திருந்த காகிதம், விடியும்வரை காத்திருக்காதா?” என்கிறார்.

சேகர் மாமா: என் அம்மாவிடம் வழக்காட என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை

நித்யா: தி. நகரில் ஒரு கடைக்குப் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். என் மின்னஞ்சலில் இருந்த ஒரு ஆவணப் படத்தை இரண்டிலும் திறந்தேன். 15இல் மூன்று வரி கூடுதலாகத் தெரிந்தது. திரையின் உயரம் சிறியதில் 18.9, பெரியதில் 21.1 சென்டிமீட்டர், அதனால்தான். பார்க்க நன்றாகவே இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: பார்த்தாயா! மூன்று வரி!

நித்யா: முழுவதும் கேளுங்கள் பெரியப்பா. ஒரு கையில் பிடித்தபடி இரண்டு அடி நடந்து பார்த்தேன். சிறியதை நோட்டுப் புத்தகம் மாதிரி பிடிக்க வருகிறது. பெரியதற்கு இன்னொரு கை தானாகவே நீள்கிறது. விற்பனையாளர் முகம் மாறியது.

மாலதி சித்தி: பாவம், அவர் நெஞ்சு படபடத்திருக்கும்.

நித்யா: திரும்பி வரும்போது யோசித்தேன். எழும்பூரில் ஆவணம் மேசைமேல் தாளாகவே என் முன்னால் இருக்கும். திரையில் என் குறிப்பு மட்டும்தான், ஒரே சாளரம் போதும். படத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதெல்லாம் இரவில் வீட்டில்தான். ரயிலில் வருகிற கணினிக்கு அந்த மூன்று வரி தேவையே இல்லை.

பெரியப்பா: இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே! வெளியே ஒரு சாளரம், வீட்டில் இரண்டு. அப்படியானால் வெளியே போவது சிறியதாக இருக்கட்டும். வீட்டில் நல்ல மானிட்டராக வை. என் ஓட்டு மாறிவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள்.

கார்த்திக்: இந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை அப்பா. 2010இல் இதே ஏரை 11, 13 என்று இரண்டு அளவில் விற்றார்கள். அப்போது 13தான் பெரியது. 11ஐ 2016இல் நிறுத்தினார்கள், 15 வந்தது 2023இல். நாம் சின்னது சின்னது என்கிறோமே, அது ஒரு காலத்துப் பெரியண்ணன்.

சேகர் மாமா: மிச்சமாகும் இருபத்தைந்தாயிரத்தில் சேமிப்பை 512 ஆக்கிக்கொள்ளலாமா?

கார்த்திக்: அதற்கு இருபதாயிரம் கேட்கிறார்கள் மாமா. ஆவணப் படங்களை எப்படியும் இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வெளியே செருகும் எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று வாங்கினால் செலவு குறைவு. மானிட்டரும் வாங்க வேண்டாம். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய வாங்கிய 24 அங்குலம் சோழிங்கநல்லூர் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கிறது.

நித்யா: அண்ணா, நிஜமாகவா?

கார்த்திக்: நிஜம்தான், ஆனால் ஒன்று. அதில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள்தான். ஏர் திரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழுத்து கரகரப்பாகத் தெரியும். ஆவணப் படத்தை மானிட்டரில் வை, நீ தட்டுவதை ஏரிலேயே வைத்துக்கொள். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவாதே. அப்புறம், இரண்டு அளவிலும் விசிறி கிடையாது. 35 டிகிரி வரைதான் இயக்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதே.

பெரியப்பா: சித்திரை வெயிலில் அவளும் மொட்டை மாடிக்குப் போக வேண்டாம்.

அம்மா: தையல் இயந்திரத்தை ஜன்னல் பக்கம் தள்ளிவிடுகிறேன். மேசையில் பாதி நித்யாவுக்கு. தீபாவளிக்கு முன்னால் ரவிக்கை தைக்கக் கொடுப்பார்கள், அந்த மாதம் மட்டும் முழு மேசையும் எனக்கு.

நித்யா: சம்மதம் அம்மா. அந்த மாதம் தொலைக்காட்சியைப் பற்றிப் பாட்டியிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

அம்மா: அது நடக்காது.

பெரியப்பா: கடைக்குப் போகும்போது பல்கலைக்கழக அடையாள அட்டையை எடுத்துப் போ. மாணவர் விலை உண்டா என்று முதலிலேயே கேள், பில் போட்டபிறகு கேட்காதே.

கார்த்திக்: அடுத்த சனிக்கிழமை காலையில் மானிட்டரைக் காரில் கொண்டுவருகிறேன். மாற்றியை நீ ரிச்சி தெருவில் வாங்கிக்கொள். ஒரு முனை யுஎஸ்பி-சி, மறுமுனை எச்டிஎம்ஐ என்று சொல்லிக் கேள். கடையிலேயே செருகிக் காட்டச் சொல்.

நித்யா: சரி அண்ணா.

அம்மா: சனிக்கிழமை என்றால் மதியம் இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போ. அத்தானையும் அழைத்து வா.

பெரியப்பா: வருகிறேன். பரணிலிருந்து இறக்கும்போது அதன் மின்கம்பியையும் தேடி எடுத்து வா கார்த்திக்.

கார்த்திக்: தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் அப்பா.