ஸ்கூல் வரி ஏறுது, போர்டு கூட்டத்துக்குப் போய் என்ன பயன்? (நியூஜெர்சி)

குளிர்தாங்கி:
எங்கள் டவுன்ஷிப்பில் ஸ்கூல் வரி மறுபடி ஏறுகிறது, இரண்டு பஸ்ஸையும் நிறுத்துகிறார்கள். நேற்று ஸ்கூல் போர்டு கூட்டத்துக்குப் போய் பத்தே கால் வரை உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசினேன். தலைவர் 'நன்றி' என்றார், அவ்வளவுதான். முடிவை முன்னாலேயே எடுத்துவிட்டு நம்மை வைத்து நாடகம். வரி 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, எனக்கு ஏன் 4 ஏறியது?

கணக்கப்பிள்ளை:
அந்த 2 சதவீதம் உங்கள் பில்லுக்கு இல்லை சார், போர்டு ஊரிலிருந்து மொத்தமாக வசூலிக்கும் தொகைக்கு. 2010இல் போட்ட சட்டம், அதிலும் ஊழியர்களின் மருத்துவக் காப்பீடு மாதிரி சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்ற வீடுகளை விட உங்கள் வீட்டு மதிப்பு அதிகம் ஏறியிருந்தால் உங்கள் பங்கும் ஏறும். அப்புறம், நீங்கள் சண்டை போட்ட இடமே தப்பு. ரயில் நிலையத்துப் பக்கம் எழும்புகிறதே அந்த அபார்ட்மென்ட், அதற்கு பைலட் ஒப்பந்தம், அதாவது கட்டடத்துக்கு வழக்கமான வரி கிடையாது, அதற்குப் பதில் ஒரு தொகை, 30 வருடம் வரை போகலாம். அதில் 95 சதவீதம் டவுன்ஷிப்புக்கு, 5 கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி), பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. போர்டு தனக்கு வேண்டியதை எப்படியும் வசூலிக்கும், அந்தக் கட்டடம் கணக்கில் சேராததால் மீதி வீடுகள் சுமக்கின்றன. அந்த ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டது போர்டு இல்லை, டவுன்ஷிப் கவுன்சில். அன்றைக்குக் கூட்டத்தில் நான், இன்னும் இரண்டு பேர், ஒரு கவுன்சிலரின் மாமியார்.

ரூட்_ஒன்று:
கணக்கு சரி, நியாயம் சரியில்லை அண்ணா. அது வருஷக்கணக்கில் பாழடைந்து கிடந்த கிடங்கு. சலுகை இல்லாமல் அங்கே எவன் கட்டுவான்? நிலத்துக்கான வரி பெரும்பாலும் பழையபடி வரும், அதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் வந்துவிடப் போகிறார்கள்? சும்மா பில்டரைத் திட்டுவது இந்த ஊரில் ஒரு பொழுதுபோக்கு.

கணக்கப்பிள்ளை:
பாழ் நிலத்துக்கு ஏற்ற வரி, அதையா பெருமையாகச் சொல்கிறீர்கள்? சலுகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 95இல் ஒரு பங்கைப் பள்ளிக்குத் தர கவுன்சில் நினைத்தால் தரலாம், சில ஊர்களில் தருகிறார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை, அதனால் தரவில்லை.

கிரீன்கார்டு_வரிசை:
பதினோரு வருடமாக வரி கட்டுகிறேன், ஓட்டு இல்லை. நான் போய்ப் பேசினால் யார் மதிப்பார்கள்?

கணக்கப்பிள்ளை:
பேசுவதற்கு ஓட்டு எதற்கு? இங்கே கவுன்சிலும் போர்டும் மக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும், சட்டம் அப்படி. அஜெண்டாவில் ஆர்டினன்ஸ், அதாவது கவுன்சில் போடும் ஊர்ச் சட்டம், 'இரண்டாம் வாசிப்பு' என்று இருக்கும் நாளில் போங்கள், பொது விசாரணை அன்றைக்குத்தான், ஓட்டெடுப்பும் அதற்குப் பிறகுதான். அடுத்த புதன் இன்னொரு பைலட் வருகிறது.

ரூட்_ஒன்று:
நானும் வருகிறேன், ஆதரித்துப் பேச.

குளிர்தாங்கி:
புதன் ராத்திரியா? பையனுக்கு மிருதங்க வகுப்பு இருக்கிறதே... சரி, எத்தனை மணிக்கு?