பிரெட் ஹார்ட்: வித்தைக்காரரா, வீம்புக்காரரா?

மதிலழகு (மன்னார்குடி)
நேற்று வேறொரு திரியில் தம்பி கொள்ளிடம், ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்தே வீணாய்ப்போன தலைமுறை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நைசாக நகர்ந்துவிட்டார். விட மனசில்லை. அந்த அமெரிக்கக் குஸ்திக் காட்சிக் கம்பெனியின் நட்சத்திரம் பிரெட் ஹார்ட்டை வைத்தே பதில் சொல்லலாம் என்று தனித் திரியாகவே போடுகிறேன்.

தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் வளர்ந்த பையன்களுக்கு மல்யுத்தம் டிவிக்கு முன்பே சீட்டுக்கட்டாக வந்து சேர்ந்தது. பெட்டிக்கடை டிரம்ப் கார்டு. ‘உயரம்’, ‘எடை’ என்று கூவி எதிராளியின் சீட்டைப் பிடுங்க வேண்டும். பிரெட் ஹார்ட் சீட்டு கைக்கு வந்தால் முகம் சுண்டிவிடும். ஆறடி, நூற்றுச் சொச்சம் கிலோ. மலைமாதிரி உடம்புக்காரர் யோகோசூனா முன்னால் அது எம்மாத்திரம்? அப்புறம் தெருவுக்குக் கேபிள் வந்தது. சீட்டில் தோற்ற ஆள் திரையில் தோற்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1957-ல் கனடாவின் கால்கரியில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் எட்டாவது. அப்பா ஸ்டூ ஹார்ட் சொந்தமாகக் குஸ்திக் கம்பெனி நடத்தியவர். வீட்டு நிலவறைதான் பயிற்சிக்கூடம், ‘டஞ்சன்’ என்று பெயர். ஸ்டூவின் பிடியில் மாட்டியவன் போடும் அலறல் மாடிவரை கேட்குமாம். நான்கு பெண்களும் கட்டிக்கொண்டது குஸ்திக்காரர்களைத்தான். பிரெட் 1984-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். போனார். அக்கா வீட்டுக்காரர் ஜிம் நெய்டார்டோடு ஜோடியாக இரண்டு முறை பட்டம் வாங்கினார். 1992 அக்டோபரில் ரிக் ஃபிளேரை வென்று உலகப் பட்டம், மொத்தத்தில் அது ஐந்து முறை.

அந்த மேடையில் ஏறியவர்களில் தொழில் தெரிந்தவர் என்றால் அவர்தான். தன்னோடு ஆடிய யாருக்கும் தன்னால் பெரிய காயம் பட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். பட்டத்து பெல்ட்டைவிட எனக்கு அது பெரிசு.

கொள்ளிடம்
அண்ணே, நீங்களே வம்புக்கு இழுத்துவிட்டீர்கள், சரி, பேசுவோம். நான் கபடி ஆடியவன். அறுத்த வயலைச் சமன் செய்து களம் போட்டு ஆடுவோம். கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான், ரைடு போனவன் தோள்பட்டை இறங்கித்தான் எழுந்திருப்பான். யார் ஜெயிப்பது என்று முந்தின நாள் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. முடிவு எழுதின ஆட்டத்தில் ‘தொழில் தெரிந்தவர்’ என்றால் என்ன அர்த்தம்?

அப்படியே பார்த்தாலும், உங்கள் ஆள் பெரும்பாலும் அதே ஐந்து அடியைத்தான் கடைசியில் வரிசையாகப் போடுவார். தொடைமேல் உட்கார வைப்பது, காலைத் தட்டிப் பின்னால் சாய்ப்பது, முட்டியில் முதுகைப் போடுவது, இரண்டாம் கயிற்றில் ஏறி முழங்கை, அப்புறம் ஷார்ப்ஷூட்டர் என்கிற கால்பிடி. அமெரிக்க ரசிகர்களே இதைக் கேலி செய்தார்கள்.

ஆழித்தேர் (திருவாரூர்)
முடிவு தெரிந்தால் வித்தை இல்லையா? நரசிம்ம ஜெயந்தி சமயம் மெலட்டூர் பாகவத மேளாவுக்கு வாருங்கள் தம்பி. இரணியன் சாகப்போவது கைக்குழந்தைக்கும் தெரியும். பாட்டு தெலுங்கு, கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாது. ஆனாலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். நரசிம்ம முகமூடி கட்டியவர் ஆவேசம் வந்து இரணியன்மேல் பாய்வார், நாலைந்து பேர் அவரைப் பிடித்து இழுப்பார்கள். அந்தப் பிடி நழுவினால் என்ன ஆகும் என்று நமக்கு வயிற்றைப் பிசையும் பாருங்கள், அதற்குத்தான் போகிறோம்.

எங்கள் அப்பா காலத்தில் தாராசிங் - கிங்காங் குஸ்தியைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. ‘அது ஏற்பாடா?’ என்று ஒருத்தர் கேட்டிருந்தால் அவருக்கு டீ கிடைத்திருக்காது.

அரசலாறு
நான் பிசியோதெரபிஸ்ட். வீட்டில் தம்பிகள் பார்க்கும்போது சேர்ந்து பார்த்தவள்தான், அதனால் இந்த வழக்கில் எனக்கும் ஒரு சாட்சிக்கூண்டு கொடுங்கள்.

ஷார்ப்ஷூட்டரை எடுத்துக்கொள்வோம். மல்லாந்து கிடப்பவரின் இரண்டு கால்களுக்கு நடுவே தன் காலை நுழைத்து, அவர் கால்களை அதன்மேல் பின்னி, அப்படியே தாண்டி அவரைக் குப்புறப் புரட்ட வேண்டும். பிறகு பின்னால் சாய்ந்து உட்காருவது. எவ்வளவு தாழ உட்காருகிறாரோ அவ்வளவு சுமை கீழ்முதுகில் ஏறும். ஒரு நூல் கூடுதலாக இறங்கினால் டிஸ்க் சிக்கல். இறங்காமல் நின்றால் பார்ப்பவன் சிரிப்பான். இரண்டுக்கும் நடுவில் ஆண்டுக்கணக்கில் ராத்திரி ராத்திரியாக நிற்பதற்குப் பெயர் தொழில் இல்லையா? (இந்தப் பிடியை அவருக்கு முன்பே ஜப்பானில் ரிக்கி சோஷூ பிரபலமாக்கியிருந்தார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.)

மூலைக் கம்பத்தில் பிரெட் போய் மோதுவதையும் கவனியுங்கள். மற்றவர்கள் முதுகைக் கொடுப்பார்கள், இவர் நெஞ்செலும்பை நேராகக் கொடுப்பார். நடிப்பு என்று தெரிந்தும் எனக்குக் கூசும்.

1992-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித்தோடு ஆடியதைத் தேடிப் பாருங்கள். எண்பதாயிரம் பேர் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஆட்டம் தொடங்கியதுமே டேவிக்கு எல்லாம் மறந்துபோனதாக பிரெட் பின்னால் சொல்லியிருக்கிறார். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று காதோரம் சொல்லிக்கொடுத்துக் கொண்டுபோய், கடைசியில் தோற்றும் கொடுத்தார். மாப்பிள்ளையைத் தூக்கிவிட்டுத் தான் கீழே கிடந்தவரை வீம்புக்காரர் என்று எப்படிச் சொல்வது?

கொள்ளிடம்
அக்கா, பிடி பற்றிச் சொன்னதற்கு நான் மறுப்புச் சொல்ல முடியாது, உங்கள் துறை. ஆனால் ‘ஹார்ட் குடும்பம் என்றால் பாதுகாப்பு’ என்று இங்கே ஒரு படம் ஓடுகிறதே, அதற்கு: 1997 ஆகஸ்ட், சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. பிரெட்டின் கடைசித் தம்பி ஓவன் ஹார்ட் தலைகீழாகத் தூக்கிப்போட்டதில் ஸ்டீவ் ஆஸ்டின் கழுத்தில் அடிபட்டுச் சற்று நேரம் கைகால் அசையாமல் கிடந்தார். அதே டஞ்சனில் படித்த பையன்தானே?

1996 ரெஸில்மேனியா நிகழ்ச்சியில் ஷான் மைக்கேல்ஸோடு ஒரு மணி நேரம் ஆடினார்களே, அறுபது நிமிஷத்தில் ஒருவரும் ஒரு புள்ளி எடுக்கவில்லை. கூடுதல் நேரம் கொடுத்துத்தான் முடித்தார்கள். நான் பாதியில் தூங்கிவிட்டேன்.

மதிலழகு (மன்னார்குடி)
ஓவன் முட்டி போடாமல் உட்கார்ந்து இறக்கினார், அதனால் வந்த வினை. தம்பி செய்ததை அண்ணன் கணக்கில் எழுதாதீர்கள். உண்மையில் அது என் பக்கத்துக்குத்தான் பலம். நல்ல ஆட்டக்காரன் கையிலேயே இப்படி ஆகும் என்றால், இருபது வருஷம் ஆகாமல் பார்த்துக்கொண்டவனை என்ன சொல்வது?

அந்த ஒரு மணி நேர ஆட்டம் இழுவைதான், நானும் தள்ளித் தள்ளித்தான் பார்ப்பேன். ஆனால் அதற்கு அடுத்த வருஷம், 1997 மார்ச் 23, சிகாகோ பக்கத்தில் ஆஸ்டினோடு ஆடியதைப் பாருங்கள். சரணடைந்தால்தான் தோல்வி, அதுதான் விதி. நடுவர் கென் ஷாம்ராக். ரத்தம் காட்டக் கம்பெனி அப்போது தடை போட்டிருந்தது. பிரெட்டும் ஆஸ்டினும் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஆஸ்டின் நெற்றியில் பிளேடு வைத்தார்கள். ஷார்ப்ஷூட்டரில் மாட்டிய ஆஸ்டின் கையை ஊன்றி எம்புகிறார், நெற்றி ரத்தம் பல்லிடுக்கில் வழிகிறது, கத்துகிறார், ஆனால் சரணடையவில்லை. மயங்கிவிடுகிறார். பிரெட் ஜெயித்தார். ஆனால் மயங்கிய ஆளின் காலை மறுபடி பிடித்து அடிக்கப் போனதால் கூட்டம் அவரைத் திட்டியது, நொண்டிக்கொண்டே தனியாக நடந்துபோன ஆஸ்டினுக்குக் கைதட்டியது. உள்ளே வரும்போது ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர். வெளியே போகும்போது இடம் மாறிவிட்டது, அதுவும் ஒரு வார்த்தை வசனம் இல்லாமல். ஐந்தே அடி தெரிந்த ஆளால் ஆகிற காரியமா இது?

டிகிரிகாபி (கும்பகோணம்)
எல்லாரும் சுற்றி வளைத்துவிட்டு முக்கியமான இடத்தைத் தொடவே மாட்டேன் என்கிறீர்கள். மான்ட்ரியல், 1997 நவம்பர் 9. ஆள் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.-க்குப் போகக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பெல்ட்டோ இவர் இடுப்பில். ‘கனடாவில் வைத்து மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன்’ என்கிறார். முதலாளி வின்ஸ் மெக்மேன் என்ன செய்வார்? மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் போட்டதும், பிரெட் சரணடையாதபோதே மணியடிக்கச் சொல்லிவிட்டார். நடுவர் ஏர்ல் ஹெப்னரும் உடந்தை. துரோகம்தான், ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? இந்த மேடையில் தோற்பதும் வேலைதானே, அக்கா சொன்ன வெம்ப்ளி மாதிரி. மைக்கேல்ஸ் என்றதும் மட்டும் மானம் எங்கிருந்து வந்தது?

மதிலழகு (மன்னார்குடி)
பாதியைச் சொல்லி மீதியை விழுங்கக்கூடாது சார். 1996-ல் இருபது வருஷ ஒப்பந்தம் போட்டவர் மெக்மேன். அடுத்த வருஷமே ‘என்னால் கட்டுப்படியாகாது, அங்கே போய்ப் பேசிக்கொள்’ என்று அனுப்பியவரும் அவரே. கடைசி முப்பது நாளில் தன் பாத்திரம் எப்படிப் போக வேண்டும் என்பதில் பிரெட்டுக்கும் சொல் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அன்றைக்கு இரண்டு தரப்பும் கலந்து குழப்பத்தில் ஆட்டம் முடிவதாகத்தான் பேச்சு, பெல்ட்டைப் பிறகு வேறு இடத்தில் இறக்கிவைக்க அவர் தயார். பேசிய பேச்சை மீறியது யார்?

மேடையிலிருந்தே மெக்மேன் முகத்தில் துப்பினார், உள்ளே போய் ஒரு குத்தும் விட்டார். அது மட்டும் எழுதி வைத்த அடி இல்லை.

டிகிரிகாபி (கும்பகோணம்)
அந்த ராத்திரியிலிருந்துதான் ‘கொடுமைக்கார முதலாளி’ வேஷம் மெக்மேனுக்குக் கிடைத்தது, ஆஸ்டினோடு மோதவிட்டுக் கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. பிரெட்டுக்கு அங்கே போய் என்ன கிடைத்தது? சொல்லுங்கள்.

அரசலாறு
மூளையதிர்ச்சி கிடைத்தது சார். 1999 டிசம்பர் 19, எதிராளி கோல்ட்பர்க் காலைத் தூக்கி உதைத்தது நேராகத் தலையில் பட்டது. அதோடும் தொடர்ந்து ஆடினார், அதுதான் எனக்கு ஆத்திரம். தலையில் ஒரு அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழக்கூடாது என்று இன்றைக்குப் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியருக்கே தெரியும். சில வாரத்தில் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அதே 1999 மே மாதம்தான் ஓவன் கன்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் வேடிக்கையில் விழுந்து இறந்தார். அன்று நிகழ்ச்சியை நிறுத்தக்கூட இல்லை.

2002-ல் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடி, பக்கவாதம், இடதுபக்கம் முழுக்கச் செயலிழந்தது. அதிலிருந்து எழுந்து நடந்தார். பக்கவாதம் வந்தவர்கள் விரலை மடக்கப் படும் பாட்டை அன்றாடம் பார்க்கிறவள் நான். எனக்கு அவருடைய ஐந்து பட்டமும் அதற்குப் பின்னால்தான்.

கொள்ளிடம்
அக்கா சொன்னதில் சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 2010-ல் திரும்பி வந்து ரெஸில்மேனியாவில் மெக்மேனோடு ஒரு ‘ஆட்டம்’ ஆடினாரே, ஒரு பக்கமாக நாற்காலியால் அடித்துக்கொண்டே இருந்தது? அதையும் வித்தைக் கணக்கில் சேர்ப்பீர்களா அண்ணே?

மதிலழகு (மன்னார்குடி)
சேர்க்க மாட்டேன். 52 வயசு, பக்கவாதம் வந்த உடம்பு, எதிரே குஸ்திக்காரரே அல்லாத முதலாளி. அது கடன் வசூல், அவ்வளவுதான். முதலில் நீங்கள் ஆஸ்டின் ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள், தூங்காமல். அப்புறம் வந்து ஐந்து அடி என்று எழுதுங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.