சென்னையில் கார் இல்லாமல் நாலு நாள், எங்கே அறை போடுவது?

வாட்ஸ்அப் குழு: பாளையங்கோட்டை வீடு

மணி பெரியப்பா: புத்தகக் கண்காட்சிக்குப் போவது உறுதி ஆகிவிட்டது. அம்மாவும் வருகிறாள், மொத்தம் ஆறு பேர், நாலு நாள். காரை இப்போதுதான் சர்வீஸ் விட்டு எடுத்தேன், அதிலேயே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். வித்யா, நீதான் சென்னையில் இருக்கிறாய், நல்ல ஓட்டலாகச் சொல்லும்மா.

வித்யா: பெரியப்பா, கார் மட்டும் வேண்டாம். 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சுங்கச்சாவடி ஒவ்வொன்றிலும் காசு கட்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தாலும் அதற்கப்புறம் அது ஓட்டல் வாசலில்தான் நிற்கும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூர், தியாகராய நகர், கோடம்பாக்கம் பக்கமெல்லாம் சாலையை அடைத்து வழியை மாற்றி விட்டிருக்கிறார்கள். ஆச்சியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனீர்கள் என்றால் அவர்கள் சாமி கும்பிட்டு வந்த பிறகும் நீங்கள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கலா பெரியம்மா: நான் சொன்னால் கேட்கவில்லை, நீ சொல்லியாவது கேட்கட்டும். இந்த வயதில் ராத்திரி நாலு வழிச் சாலையில் ஓட்டுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

மணி பெரியப்பா: சரி, ரயில். ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி. ஆட்டோ ஆட்டோவாக ஏறி இறங்க முடியாது, அதையும் யோசித்துச் சொல்.

கார்த்தி அண்ணன்: நான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் பக்கம். நீச்சல் குளம், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தே நகருக்குள் கேட்கிற வாடகையைவிடக் குறைவு. மேப்பில் மெட்ரோ நிலையம் 300 மீட்டர் என்று காட்டுகிறது.

வித்யா: அண்ணா, அந்த நிலையம் இன்னும் கட்டி முடியவில்லை. ஓஎம்ஆர் வழி முழுக்க இரண்டாம் கட்டம், தூணும் பாலமுமாக வேலை நடக்கிறது. மேப்பில் வரப்போகும் நிலையத்தின் பெயரும் தெரியும், ஓட்டல்காரர்களும் அதை வைத்து 'மெட்ரோ அருகில்' என்று போட்டுவிடுகிறார்கள். இப்போது நாம் நம்பிக் கிளம்பக்கூடியது முதல் கட்டத்தின் இரண்டு வழிகள்தான். நீல வழி விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி வழியாக விமான நிலையம். பச்சை வழி சென்ட்ரலிலிருந்து எழும்பூர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலை. சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். ஓட்டல் பக்கத்தில் இருக்கும் நிலையத்தின் பெயரை மெட்ரோவின் சொந்த இணையப் பக்கத்தில் பார்த்து, அங்கே ரயில் ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும்.

கார்த்தி அண்ணன்: அப்படியா. நல்ல வேளை, இன்னும் பணம் கட்டவில்லை.

செல்வி சித்தி: தி.நகரிலேயே போட்டால் என்ன? எனக்கும் பாப்பாவுக்கும் துணி எடுக்க வேண்டும், ரங்கநாதன் தெருவை விட்டால் வேறு எங்கே போவேன்.

வித்யா: சித்தி, துணிக்கு நீங்கள் ஒரு சாயங்காலம்தான் போவீர்கள். நாலு நாளில் இரண்டு நாள் கண்காட்சி, அது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். ஒரு நாள் கபாலீஸ்வரர் கோயிலும் கடற்கரையும். இன்னொரு நாள் அருங்காட்சியகம். தி.நகருக்குள் இப்போதைக்கு மெட்ரோ கிடையாது, மாம்பலம் மின்சார ரயில் நிலையம்தான். எழும்பூரில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. கூட்டத்துக்குள் நடக்க வேண்டாம் என்றால் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரைக்கும் ஆகாய நடைபாதை இருக்கிறது, 2023-ல் திறந்தது, அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். அதனால் துணிக்காக அங்கேயே அறை எடுக்கத் தேவை இல்லை.

கலா பெரியம்மா: திருவல்லிக்கேணி மேன்ஷன் வாடகை குறைவு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பார்த்தசாரதி கோயிலும் பக்கம்.

வித்யா: மேன்ஷன் என்பது வேலை தேடி வரும் பையன்கள் தங்கும் விடுதி, அவர்களுக்குச் சரி பெரியம்மா. பல இடங்களில் பெண்களுக்கு அறை தருவதில்லை, லிஃப்டும் இருக்காது. ஆச்சியை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

மணி பெரியப்பா: நீ எதைச் சொல்கிறாய், அதைச் சொல்லு முதலில்.

வித்யா: எழும்பூர். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நம் ஊர் ரயில் வந்து நிற்பதே அங்கேதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டாம். மெட்ரோவும் அங்கேயே, மின்சார ரயிலும் அங்கேயே. கண்காட்சிக்குப் போக எழும்பூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் சென்ட்ரல், அங்கே நீல வழிக்கு மாறி அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, டிஎம்எஸ், தேனாம்பேட்டை, அடுத்தது நந்தனம். சென்ட்ரலில் தளம் மாற லிஃப்ட், எஸ்கலேட்டர் இரண்டும் உண்டு. புத்தகப் பையோடு திரும்பும்போதும் அதே வழி, ராத்திரி 11 மணி வரை ரயில் இருப்பதால் அவசரப்பட வேண்டியதும் இல்லை. மயிலாப்பூருக்கு சென்ட்ரலில் இறங்கிச் சுரங்கப்பாதையில் நடந்தால் பூங்கா நகர் நிலையம், அங்கிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில், அதாவது மேம்பாலத்தில் ஓடும் மின்சார ரயிலில், திருமயிலை. நடுவில் நாலாவது ரயில் பாதை போடுவதற்காக ஒரு வருடத்துக்கு மேல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையில் பறக்கும் ரயிலை நிறுத்தியிருந்தார்கள், 2024 அக்டோபர் கடைசியில் திரும்ப விட்டுவிட்டார்கள். திரும்பும்போது சேப்பாக்கத்தில் இறங்கினால் மெரினா.

செல்வி சித்தி: அருங்காட்சியகம்?

வித்யா: எழும்பூரிலேயே இருக்கிறது சித்தி, பாந்தியன் சாலையில், நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் இருக்கும். 1851-ல் தொடங்கியது. பாப்பா ஏழாம் வகுப்புப் பாடத்தில் சோழர்களைப் படித்துக்கொண்டிருப்பாள் இல்லையா, வெண்கலச் சிலைக் கூடத்தை அவளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை, அந்த நாளில் கண்காட்சிக்குப் போய்விடலாம்.

கார்த்தி அண்ணன்: வடபழனி என்ன ஆச்சு? அங்கேயும் மெட்ரோ இருக்கிறது, அறைகளும் புதுசாக இருக்கின்றன. முருகன் கோயிலும் உண்டு.

வித்யா: வடபழனி நல்ல இடம்தான், கண்காட்சி மட்டும் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். அங்கிருந்து ஆலந்தூர் போய் வழி மாறி நந்தனம் வந்துவிடலாம். ஆனால் மின்சார ரயில் பக்கத்தில் கிடையாது, மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் பேருந்தோ ஆட்டோவோதான். நாம் எதற்குப் பக்கம் இருக்கிறோம் என்பதைவிட எந்த எந்த வழி நம் காலடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அண்ணா. ஆச்சியை வைத்துப் பார்த்தால் எனக்கு எழும்பூர்தான் மனதில் நிற்கிறது.

மணி பெரியப்பா: எழும்பூரில் எந்தப் பக்கம்? ஸ்டேஷனே பெரிய ஊர் மாதிரி இருக்குமே.

வித்யா: இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். முன்வாசல் காந்தி இர்வின் சாலைப் பக்கம், பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். இரண்டு பக்க ஓட்டலும் 'எழும்பூர் நிலையம் அருகில்' என்றுதான் போடும். பின்பக்கம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் நடைமேடைகளுக்கு மேலே பாலம் ஏறி இறங்க வேண்டும் இல்லையென்றால் சுற்றி வர வேண்டும், ஆச்சிக்கு அது ஆகாது. முன்வாசலுக்கு எதிரே கென்னட் சந்து, அதிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வரிசையாக லாட்ஜ்கள். மெட்ரோவுக்கும் அந்தப் பக்கமே வாசல் இருக்கிறது. மேப்பில் ஓட்டலிலிருந்து 'நடந்து போக' என்று போட்டுப் பாருங்கள். நேர்கோட்டில் 200 மீட்டர் என்று காட்டுவது நடக்கும்போது 800 ஆகிவிடுவது உண்டு.

கலா பெரியம்மா: ஆச்சி கேட்கச் சொல்கிறாள், மெட்ரோவில் படி ஏற வேண்டுமா?

வித்யா: வேண்டாம் பெரியம்மா. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இருக்காது. லிஃப்ட் இருக்கும் வாசலில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கும், அந்த வாசல் எது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால் போதும். மின்சார ரயில் நிலையங்களில்தான் நடைமேம்பாலப் படி தொந்தரவு. மாம்பலத்துக்கு ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அன்றைக்கு அவர்கள் அறையில் ஓய்வெடுக்கட்டும், நான் வந்து கூட இருக்கிறேன். நான் இருப்பது பெண்கள் விடுதி, உங்களை இங்கே தங்க வைக்க முடியவில்லையே என்று எனக்கு வருத்தம்தான், ஆனால் நாலு நாளும் உங்களோடுதான் இருப்பேன்.

மணி பெரியப்பா: அது போதும்மா.

கார்த்தி அண்ணன்: நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் காலையிலேயே இறங்கிவிடுவோம். ஓட்டலில் மதியம் 12 மணிக்குத்தான் அறை என்கிறார்கள். என் நண்பன் வீட்டில் போன மாதம் இப்படித்தான், காலையில் போய் நின்றதற்கு ஒரு நாள் வாடகையைக் கூடுதலாக வாங்கிவிட்டார்களாம்.

வித்யா: ஆமாம், ரயிலில் வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. கென்னட் சந்துப் பக்கம் 24 மணி நேர செக்அவுட் லாட்ஜ்கள் கிடைக்கும், காலை 7 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் 7 வரைக்கும் ஒரு நாள் கணக்கு. நமக்கு அதுதான் தோது. செயலியில் போடும்போது மட்டும் அதே லாட்ஜாகவே இருந்தாலும் 12 மணிக் கணக்கு என்று வரும், அதனால் செயலியில் பெயரைப் பார்த்துவிட்டு நேரடியாக போன் செய்து கேளுங்கள். இன்னொரு வழி, வந்தே பாரத். திருநெல்வேலியில் காலை 6 மணி சுமாருக்குக் கிளம்பி மதியம் இரண்டு மணி வாக்கில் எழும்பூர் வந்துவிடும், அறைக்கும் நேரம் சரியாக இருக்கும். ஆச்சிக்கு உட்கார்ந்தே வர முடியுமா என்று மட்டும் பாருங்கள், படுக்க முடியாது.

கலா பெரியம்மா: எட்டு மணி நேரம் உட்கார முடியாது. ராத்திரி ரயில்தான்.

வித்யா: அப்படியென்றால் நெல்லை எக்ஸ்பிரஸே போடுங்கள், ஆச்சிக்குக் கீழ்ப் படுக்கை. எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் நம் ரயில் எழும்பூர் வரைக்கும் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பஸ் வேண்டவே வேண்டாம். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன, அங்கிருந்து எழும்பூர் 30 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், மெட்ரோவும் அங்கே இன்னும் போகவில்லை.

செல்வி சித்தி: ரயில்வே ஸ்டேஷனிலேயே அறை தருவார்களாமே?

வித்யா: ஓய்வறைதானே, உண்டு சித்தி. ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால் ஐஆர்சிடிசி இணையப் பக்கத்திலேயே முன்பதிவு செய்யலாம், வாடகையும் குறைவு. ஆனால் ஆறு பேருக்கு நாலு நாளுக்குக் கிடைக்காது. லாட்ஜில் காலையிலேயே அறை இல்லை என்று சொல்லிவிட்டால் குளித்து உடை மாற்ற அதைப் பார்க்கலாம்.

கார்த்தி அண்ணன்: சரி, நான் போன் செய்கிறேன். என்ன என்ன கேட்க வேண்டும், மொத்தமாகச் சொல்லிவிடு.

வித்யா: லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேளுங்கள், கரண்ட் போனால் ஆச்சி மூன்று மாடி ஏற முடியாது. கழிப்பறை மேற்கத்திய வகையா என்று கட்டாயம் கேளுங்கள். தெருவைப் பார்த்த அறை வேண்டாம், அந்தச் சந்தில் விடிய விடிய ஆட்டோ சத்தம் இருக்கும், பின்பக்க அறை கேளுங்கள். 24 மணி நேரக் கணக்கை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வாயால் சொன்னது கவுண்டரில் ஆள் மாறினால் மாறிவிடும். மூன்று இருவர் அறையா இரண்டு மூவர் அறையா, ஜிஎஸ்டி சேர்த்து எவ்வளவு என்பதும். படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நான் சனிக்கிழமை நேரில் போய் அறையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மணி பெரியப்பா: டிக்கெட் எல்லாம் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று எடுக்க வேண்டுமா?

வித்யா: தேவை இல்லை பெரியப்பா. 'சென்னை ஒன்று' என்று ஒரு செயலி 2025 செப்டம்பரில் வந்தது, மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். கார்த்தி அண்ணன் போனில் போட்டு வைத்துக்கொள்ளட்டும். மெட்ரோவில் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெரியம்மாவுக்கும் சித்திக்கும் ஆச்சிக்கும் காசே கிடையாது, முன்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

கலா பெரியம்மா: ஆச்சி இப்போதே புடவை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கார்த்தி அண்ணன்: மூன்று இடத்துக்குப் போன் செய்தேன். ஒருவர் லிஃப்ட் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். இன்னொருவர் செக்இன் 12 மணிதான், மாற்ற முடியாது என்றார். மூன்றாவது இடத்தில் 24 மணி நேரக் கணக்கு, லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடும், பின்பக்கம் இரண்டாவது மாடியில் மூவர் அறை இரண்டு இருக்கிறதாம், அனுப்பச் சொன்னதை எழுதியும் அனுப்பிவிட்டார். முன்பணம் சனிக்கிழமை வித்யா பார்த்த பிறகு கட்டினால் போதும் என்கிறார்.

மணி பெரியப்பா: அதையே பார்த்துவிடு வித்யா. நான் ரயில் டிக்கெட்டுக்கு உட்காருகிறேன், எல்லோரும் ஆதாரில் இருக்கிற மாதிரி பெயரும் வயதும் இங்கே போடுங்கள்.

வித்யா: லாட்ஜின் இடக்குறியையும் எனக்கு அனுப்புங்கள் அண்ணா. மெட்ரோ லிஃப்ட் வாசலிலிருந்து நடந்து பார்த்து எத்தனை நிமிடம் ஆகிறது, நடைபாதை ஆச்சி நடக்கிற மாதிரி இருக்கிறதா, நடுவில் சாலை கடக்க வேண்டியிருக்கிறதா என்று சனிக்கிழமை சாயங்காலம் இங்கேயே போடுகிறேன்.