டச்சு மொழியில் வியப்பு: 'ஹூ' சொன்னால் ஏன் விழிக்கிறார்கள்?

கேள்வி: நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் இருக்கிறேன், டச்சு கற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. நேற்றுக் காலை கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், 'என்ன குளிர்!' என்ற நினைப்பில், "ஹூ கௌத் ஹெத் இஸ்!" என்றேன். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோல் தலையைச் சாய்த்தபடி நின்றார். அப்புறம் "யா, வத் இஸ் ஹெத் கௌத்!" என்றார். ஆங்கிலத்தில் 'ஹவ்' வரும் இடத்தில் 'ஹூ'தானே வர வேண்டும்? இன்னொன்று, சந்தைக் கூட்டத்தைப் பார்த்து ஒருவர் "வத் அன் மென்சன்!" என்றார். 'அன்' என்றால் 'ஒரு', அது ஒருமை; 'மென்சன்' என்றால் மனிதர்கள், அது பன்மை. எப்படிச் சேரும்?

பதில் 1: பாட்டி காத்திருந்தது சரிதான். 'இஸ்' கடைசியில் வந்தால் அது பாதி வாக்கியம். "இக் வேத் நீத் ஹூ கௌத் ஹெத் இஸ்" என்றால் 'எவ்வளவு குளிர் என்று எனக்குத் தெரியாது'. நீங்கள் பின்பாதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். வியக்கும்போது 'வத்' முதலில், வினைச்சொல் இரண்டாவது: "வத் கோக்த் ஹெய் லெக்கர்!", என்னமாய்ச் சமைக்கிறார்! ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் யோசித்துப் பாருங்கள். "என்ன குளிர்!", "என்ன அழகு!" என்கிறோமே, அந்த 'என்ன'தான் 'வத்'. 'என்ன அழகு!' என்பதற்கு "வத் மோய்!" என்றாலே போதும்.

பதில் 2: அந்த 'அன்' எண்ணிக்கை இல்லை, 'வத்'தோடு ஒட்டிக்கொண்டது. அதனால் பன்மைக்கும் வரும், எண்ண முடியாததற்கும் வரும்: "வத் அன் வேர்!", என்ன வானிலை! பெயர்ச்சொல் இல்லாமல் பெயரடை மட்டும் இருந்தால் 'அன்' வேண்டாம். பெயரடையின் வாலை, அதாவது கடைசியில் சேரும் 'அ' ஒலியை, கவனியுங்கள், எனக்கு அதிக நாள் தகராறு அதில்தான். "வத் அன் லீஃப் கிந்த்!" (என்ன அன்பான குழந்தை!), ஆனால் "வத் அன் லீவ மென்சன்!" (என்ன அன்பான மனிதர்கள்!). 'கிந்த்' ஒருமையில், ஆங்கில 'the' போல முன்னால் 'ஹெத்' போடும் சொல், அதனால் வால் இல்லை.

கேட்டவர்: இப்போது புரிகிறது, மிக்க நன்றி. ஆனால் "வத் இஸ் தத் மோய்!" என்றால் "வத் இஸ் தத்?" என்ற கேள்வியோடு குழம்பாதா?

பதில் 1: குழம்பாது. 'மோய்' மேல் அழுத்தம் கொடுத்து, குரலை இறக்கி முடியுங்கள். கடைசியில் "ஸெஹ்" சேர்த்தால் இன்னும் இயல்பாக இருக்கும்: "வத் மோய், ஸெஹ்!" பாட்டியிடமே சொல்லிப் பாருங்கள்.