ஒளியியல் செய்முறை: விடை இடிக்கும் இடங்கள், பார்த்தவர்கள் பகிரவும்

ஆடியிலிருந்தே தொடங்கலாம். சாதாரணச் சமதள ஆடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. கண்ணாடி 3 மி.மீ. தடிமன் என்றால், எதிரொளிக்கும் தளம் முன்முகத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே இருப்பதுபோல் நடந்துகொள்ளும் (தடிமனைக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணான 1.5 ஆல் வகுத்தால் வருவது). தாளில் ஆடியின் கோட்டை முன்முகத்தை ஒட்டி இழுத்தால் பிம்பத் தூரம் பொருள் தூரத்தைவிட 4 மி.மீ. கூடும், பின்முகத்தை ஒட்டி இழுத்தால் 2 மி.மீ. குறையும். ஏறக்குறைய நேராகப் பார்க்கும்போது 2 மி.மீ. உள்ளே கோடு போட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

—

கண்ணாடிப் பாளத்தில், ஊசிகளைக் குத்திக் கதிரின் பாதையை வரைந்து ஒளிவிலகல் எண் காணும்போது, பலரும் படுகோணத்தை 10°, 20° என்று சின்னதாகவே எடுக்கிறார்கள். வேண்டாம். படுகோணம் 20° என்றால் விலகுகோணம் 13.2°, அதில் 1° பிசகினால் ஒளிவிலகல் எண் 7.5% மாறிவிடும். 60°-இல் அதே 1° பிசகு 2.5% தான். அதற்காக 75°-க்கும் போகாதீர்கள், ஊசியின் பிம்பம் மங்கி, ஓரத்தில் நிறம் தட்டும். 40° முதல் 60° வரை நிம்மதி.

ஊசிகளுக்கு இடையே குறைந்தது 5 செ.மீ. விடுங்கள். பார்ப்பது ஊசியின் அடியை, தலையை அல்ல. எவ்வளவு கவனமாகக் குத்தினாலும் ஊசி கொஞ்சம் சாயத்தான் செய்யும். கடைசியில் ஒரு சோதனை: வெளிவரும் கதிர் படுகதிருக்கு இணையாக இல்லையென்றால் நடுவில் பாளம் நகர்ந்திருக்கிறது. அந்தத் தாளைத் திருத்த முயல வேண்டாம், புதுத் தாள் எடுங்கள். 5 செ.மீ. அகலப் பாளத்தில் 45°-க்குப் பக்கவாட்டு விலகல் சுமார் 16.5 மி.மீ. வரவேண்டும்.

—

மேலே சொன்னதோடு ஒன்று. ஒரு முகத்தில் நுழைந்த கதிரை அடுத்த செங்குத்து முகத்தில் தேடுகிறவர்கள் உண்டு. கிடைக்காது. உள்ளே விலகுகோணம் 41.8°-ஐத் தாண்டாது, அதனால் பக்கத்து முகத்தில் படுகோணம் 48.2°-க்குக் கீழே வராது. மாறுநிலைக் கோணமோ (இதைத் தாண்டினால் கதிர் காற்றுக்கு வெளிவராது) 41.8°. முழு அக எதிரொளிப்புதான். அந்த முகத்தை ஈர விரலால் அழுத்திப் பாருங்கள், தொட்ட இடத்தில் மட்டும் ரேகை பளிச்சென்று தெரியும்.

—

குவிலென்ஸின் குவியத் தூரம் காண என் ஓட்டு இடப்பெயர்ச்சி முறைக்கு: ஊசியையும் திரையையும் அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தி, தெளிவான பிம்பம் விழும் இரண்டு இடங்களைக் குறித்து, அவற்றின் இடைவெளியைக் கழித்துக் காண்பது. ஊசிக்கும் திரைக்கும் உள்ள தூரம் குவியத் தூரத்தைப்போல் 4 மடங்குக்கு மேல் இருக்கவேண்டும். சரியாக 4 மடங்கு என்றால் லென்ஸுக்கு ஒரே இடம்தான், அதற்கும் குறைந்தால் தெளிவான பிம்பமே விழாது. 20 செ.மீ. லென்ஸுக்கு 100 செ.மீ. வைத்தால் இரண்டு இடங்களும் 44.7 செ.மீ. தள்ளி அமையும். லென்ஸின் மையம் தாங்கியின் குறிக்கு நேராக இல்லாவிட்டாலும் கழித்தலில் அந்தப் பிழை அடிபட்டுப் போகிறது. ஆனால் ஊசிக்கும் திரைக்கும் அந்தச் சலுகை கிடையாது, அவற்றுக்குக் குறித்திருத்தம் (தாங்கியின் குறிக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்வது) போட்டே ஆகவேண்டும். பிம்பம் எங்கே தெளிகிறது என்று தீர்மானிக்க முடியாவிட்டால், லென்ஸின் விளிம்பைக் கறுப்புக் காகித வளையத்தால் மறையுங்கள். விளிம்புக் கதிர்கள் சற்று முன்னாலேயே குவிவதால்தான் அந்தக் குழப்பம்.

—

குவி ஆடியை யாரும் தொடவில்லையே? அதன் மெய்நிகர் பிம்பம் திரையில் விழாது, லென்ஸ் துணை வேண்டும். ஊசி, லென்ஸ், பிறகு ஆடி. தலைகீழ்ப் பிம்பம் ஊசி முனையோடு இடமாறு தோற்றமின்றி (தலையை அசைத்தாலும் இரண்டும் விலகாமல்) பொருந்தும்வரை ஆடியை நகர்த்துங்கள். பிறகு ஆடியை மட்டும் எடுத்துவிட்டு, லென்ஸ் உண்டாக்கும் பிம்பத்தின் இடத்தை இரண்டாவது ஊசியால் பிடியுங்கள். ஆடி இருந்த இடத்திலிருந்து அதுவரை உள்ள தூரம் வளைவு ஆரம். அதில் பாதி குவியத் தூரம்.

எங்கே நகர்த்தினாலும் பொருந்தவில்லையா? பிம்பம் லென்ஸுக்கு மிக அருகில் விழுகிறது. 20 செ.மீ. லென்ஸிலிருந்து ஊசி 40 செ.மீ.-இல் இருந்தால் பிம்பமும் 40-இல்தான். ஆரம் 40 உள்ள ஆடிக்கு இடமே இல்லை. ஊசியை 30-க்குக் கொண்டுவாருங்கள், பிம்பம் 60-க்குப் போகும், ஆடி 20-இல் உட்காரும்.

உடனே பொருந்திவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். லென்ஸின் பின்முகமே குழி ஆடிபோல் மங்கலான பிம்பம் ஒன்றைத் தரும். ஆடியைக் காகிதத்தால் மூடிப் பாருங்கள். பிம்பம் மறையாவிட்டால் அது லென்ஸினுடையது.